குறி தப்பாத மருந்தும் குருத்தணுவும்

நோயும் மருந்தும் மாந்த வாழ்வில் என்றும் உள்ளவை. வாழ்வியல் நூலாகிய திருக்குறளில் 'மருந்து' என்றே ஓர் அதிகாரம் அமைந்திருப்பது இதற்குச் சான்று. ஆயினும், தமிழ்த்துறை வெளியிடும் மலரில் புற்றுநோய் மருந்தைப் பற்றிய கட்டுரை எதற்கு என்னும் வினா சிலர்க்கு எழலாம். நாம் மருத்துவம் கற்றவர் அல்லேம். எனினும், ஒரு செய்தி தாய்மொழியில் தெளிவாகச் சொல்லப்படாமையால் ஓர் உயிர் இடருக்கு உள்ளானதை அருகிருந்து கண்டோம். அதுவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

நம் தாய்மாமா ஒருவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். சில ஆண்டுகளுக்கு முன், இடப்பக்க விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது என்று மருத்துவரிடம் சென்றார். மண்ணீரல் வீங்கியிருந்தது. ஒரு மைக்ரோலிட்டர் குருதியில் ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டிய வெள்ளணுக்கள் 2 இலட்சத்தைத் தாண்டியிருந்தன. நாட்பட்ட மைலாய்டு குருதிப் புற்றுநோய் எனக் கண்டறிந்து, இமாட்டினிப் என்னும் மாத்திரையை நாள்தோறும் உண்ணுமாறு பணித்தனர். சில வாரங்களில் வெள்ளணுக்களின் எண்ணிக்கை இறங்கியது, வீட்டார் மகிழ்ந்தனர். ஆனால் இறக்கம் அத்துடன் நிற்கவில்லை. வெள்ளணுக்களும், குருதியை உறையச் செய்யும் தட்டணுக்களும் இருக்க வேண்டிய அளவிற்கும் கீழே சென்றன. ஆய்வுக்கூடத் தாளில் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்த எண்களைக் கண்டு மாமா அஞ்சினார். "தம்பி, இந்த மாத்திரை நோயைத் தின்னுதோ இல்லையோ, என் இரத்தத்தைத் தின்னுது" என்றார். பின்னர் எவரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். மருத்துவமனைக்குச் செல்வதையும் விட்டுவிட்டார்.

அவர் கூற்றில் பாதி உண்மை; பாதி பிழை. உண்மை எது, பிழை எது எனப் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குருத்தும் குருத்தணுவும்

ஆங்கில மருத்துவ நூலார் ஸ்டெம் செல் என வழங்குவதைத் தமிழில் குருத்தணு என்கிறோம். இச்சொல் பொருத்தமான ஆக்கம் என்பது நம் கருத்து. தென்னைக்கும் பனைக்கும் உச்சியில் உள்ள குருத்து ஒன்றே. மட்டைகள் முதிர்ந்து விழும். புதிய ஓலைகள் குருத்திலிருந்தே விரியும். ஓலையை வெட்டினால் மரம் பிழைக்கும். குருத்து அழுகினால் மரமே பட்டுப்போகும். நம் குருதியின் நிலையும் இதுவே.

குருதியின் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. தட்டணு 8 முதல் 10 நாள் வரை வாழ்கிறது. கிருமிகளோடு போரிடும் நியூட்ரோபில் என்னும் வெள்ளணு குருதியோட்டத்தில் வாழும் காலமோ ஏறத்தாழ ஒரு நாளே. இவ்வாறு இடையறாது உதிரும் அணுக்களுக்கு ஈடாகப் புதியன பிறந்தாக வேண்டும். வளர்ந்த மனிதர் ஒருவரின் எலும்பு மஜ்ஜை ஒரு நாளில் ஏறத்தாழ 20,000 கோடிச் சிவப்பணுக்களை உருவாக்குகிறது. இத்துணைக்கும் மூலமாய் இருப்பவை மஜ்ஜையில் மிகச் சிறு தொகையினவாக உள்ள குருத்தணுக்களே. இத்தகைய அணு ஒன்று மஜ்ஜையில் உண்டு என்பதற்கான உறுதியான சான்றை 1961ஆம் ஆண்டில் கனடா நாட்டு டொராண்டோ நகரில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லா என்னும் இருவரும் எலிகளைக் கொண்டு வெளிப்படுத்தினர்.

குருத்தணுவுக்கு இரு பண்புகள் உண்டு. ஒன்று, தன்னைப் போன்ற மற்றொரு குருத்தணுவைத் தோற்றுவித்துக் குலத்தை அழியாது காத்தல். மற்றொன்று, பல படிகளில் மாறிச் சிவப்பணுவாகவும் வெள்ளணுவாகவும் தட்டணுவாகவும் முதிரும் மக்களைப் பெறுதல். பெரும்பாலான குருத்தணுக்கள் நெடுங்காலம் உறங்கிக் கிடக்கின்றன. தேவை நேரும்போது சிலவே விழித்துப் பிரிகின்றன. இவ்வுறக்கம் அவற்றுக்கு ஒரு காப்பு. இதனை மனத்திற் கொள்க. பின்னர் இது வேறொரு வடிவில் வரும்.

குறி கண்ட வரலாறு

பழைய புற்றுநோய் மருந்துகள் விரைந்து பெருகும் அணு எதுவாயினும் தாக்குவன. அதனால் மயிர் உதிரும், வாய் புண்ணாகும், குருதியணுக்கள் குறையும். நோயணுவை மட்டும் தாக்கும் மருந்து வேண்டும் என்பது மருத்துவ உலகின் நெடுநாள் வேட்கை. அவ்வேட்கைக்கு வழி திறந்தது நம் மாமாவுக்கு வந்த அதே நோய்.

1960ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவல், டேவிட் ஹங்கர்போர்டு ஆகியோர் இந்நோயாளரின் அணுக்களில் இயல்புக்கு மாறாகக் குறுகிய குரோமோசோம் ஒன்றைக் கண்டனர். 1973இல் ஜேனட் ரௌலி என்னும் அம்மையார், 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் தம் துண்டுகளை மாற்றிக்கொண்டதன் விளைவே அது எனத் தெளிவுபடுத்தினார். அம்மாற்றத்தால் இரு மரபணுக்கள் ஒட்டி, பி.சி.ஆர்-ஏபிஎல் என்னும் புதிய புரதம் பிறக்கிறது. இது கைனேஸ் வகையைச் சேர்ந்தது. கைனேஸ் என்பது அணுவுக்குள் 'வளர்க, பிரிக' என ஆணையைக் கடத்தும் புரதம். இயல்பான கைனேஸ் ஆணை வரும்போது மட்டும் இயங்கும். இப்புதுப் புரதமோ ஓயாது ஆணையிட்டுக்கொண்டே இருக்கும். வெள்ளணுக்கள் இலட்சக்கணக்கில் பெருகுவது இதனாலேயே.

கைனேஸ் இயங்குவதற்கு ஏடிபி என்னும் ஆற்றல் தரும் மூலக்கூறு அதன் பள்ளமொன்றில் வந்து அமர வேண்டும். அப்பள்ளத்தில் தான் அமர்ந்து ஏடிபியைத் தடுப்பதே இமாட்டினிப் செய்யும் வேலை. நிக்கோலஸ் லைடன், பிரையன் டிரக்கர் முதலியோரின் உழைப்பால் உருவான இம்மருந்து 1998இல் முதன்முதலாக நோயாளர்க்குக் கொடுத்துப் பார்க்கப்பெற்றது. 2001 மே மாதத்தில் அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெற்றது. 16 நாடுகளில் 1,106 பேரைக் கொண்டு நடந்த ஆய்வில், இமாட்டினிப் பெற்ற பிரிவினருள் நூற்றுக்கு ஏறத்தாழ 83 பேர் 10 ஆண்டுகளுக்குப் பின்னும் உயிர் வாழ்ந்தனர் என 2017இல் வெளியான முடிவு காட்டுகிறது. ஒருகாலத்தில் சில ஆண்டுகளே வாழ்வு என்று கைவிரிக்கப்பெற்ற நோய் இது என்பதை எண்ணினால் இதன் அருமை விளங்கும்.

இம்மருந்தின் வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. இதன் படிக வடிவம் ஒன்றிற்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கோரிய காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் மறுத்தது. அம்மறுப்புக்கு அடிப்படையான சட்டப்பிரிவை எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007இல் தள்ளியது. 2013 ஏப்ரல் 1ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் காப்புரிமை இல்லை எனத் தீர்ப்பளித்தது. இந்திய நிறுவனங்கள் இம்மாத்திரையைக் குறைந்த விலைக்குச் செய்து விற்பது தடையின்றித் தொடர்ந்தது. எளியோர் வீட்டுக்கும் மாத்திரை எட்டியது. மாத்திரை எட்டிய வீட்டுக்கு அதைப் பற்றிய அறிவும் எட்ட வேண்டாமா?

ஒரே பூட்டு, இரு வீடுகள்

இனி மாமாவின் கூற்றிலுள்ள பாதி உண்மையைக் காண்போம்.

கள்வன் வீட்டுப் பூட்டுக்கென்று செய்த சாவி நல்லவன் வீட்டுப் பூட்டிலும் நுழையுமாயின் என்ன ஆகும்? இமாட்டினிப் அமரும் பள்ளம் பி.சி.ஆர்-ஏபிஎல் புரதத்தில் மட்டும் இல்லை. கிட் எனப்படும் மற்றொரு கைனேஸிலும் ஏறத்தாழ அதே வடிவில் அமைந்துள்ளது. அந்தக் கிட் புரதமோ நல்ல குருத்தணுவின் மேற்பரப்பில் இருந்து, அது பிழைத்திருக்கவும் பெருகவும் வேண்டிய ஆணையை உள்ளே செலுத்துவது. எனவே, மருந்து குறி தப்பவில்லை. குறியின் சாயல் நல்ல அணுவிலும் இருக்கிறது. பக்க விளைவு பிறக்கும் இடம் இதுதான்.

கிட் எத்துணை இன்றியமையாதது என்பதனை, அம்மரபணு பழுதுபட்டுப் பிறக்கும் எலிகள் காட்டும். அவற்றின் மயிர் வெளுத்திருக்கும்; குருதிச் சோகையும் இருக்கும். தோலுக்கும் மயிருக்கும் நிறம் தரும் அணுக்களுக்கும் கிட் வேண்டும் என்பதே காரணம். இமாட்டினிப் உண்ணும் சிலருக்குத் தோலின் நிறம் வெளிறுவதும் இதனாலேயே. அதனை வெண்குட்டம் எனக் கருதி அஞ்சுவோரும், பிறர்க்கு மறைப்போரும் உளர். அது தொற்றுவதன்று, மருந்தின் விளைவு.

இனிப் பாதிப் பிழையைக் காண்போம். குருதியணுக்கள் குறைவதற்கு மருந்தின் தாக்குதல் மட்டுமே காரணம் அன்று, நோயும் காரணம். நோய் முற்றும்போது மஜ்ஜையின் பெரும்பகுதியை நோயணுக்களே கைப்பற்றிக்கொள்கின்றன. நல்ல குருத்தணுக்கள் மூலையில் ஒடுங்கிக் கிடக்கின்றன. மருந்து வந்து நோயணுக்களை அகற்றும்போது மஜ்ஜை வெறிச்சோடுகிறது. ஒடுங்கிக் கிடந்த நல்ல குருத்தணுக்கள் எழுந்து அவ்விடத்தை நிரப்பச் சில வாரங்கள், சிலர்க்குச் சில மாதங்கள் ஆகின்றன. இடைப்பட்ட அக்காலத்தில்தான் எண்கள் சரிகின்றன. களை மண்டிய வயலில் களையெடுத்த மறுநாள் வயல் வெறுமையாகத் தோன்றும். பயிர் அழிந்தது என்று எவரும் சொல்வதில்லை.

இதற்குச் சான்றும் உண்டு. இரைப்பையிலும் குடலிலும் தோன்றும் ஒருவகைக் கட்டிக்கும் 2002 முதல் இதே மருந்து கொடுக்கப்பெறுகிறது. அக்கட்டியில் கிட் புரதமே குற்றவாளி. அந்நோயாளரின் மஜ்ஜை நலமாக இருப்பதால், தட்டணுக்கள் கடுமையாகக் குறைவது அவர்களிடம் அரிதாகவே காணப்படுகிறது. குருதிப் புற்றுநோயாளரிடமோ, நோயின் தொடக்கக் கட்டத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர்க்கு நியூட்ரோபில்களும், 8 அல்லது 9 பேர்க்குத் தட்டணுக்களும் கடுமையாகக் குறைகின்றன. நோய் வெடித்து முற்றிய கட்டத்தில் பாதிக்கும் மேற்பட்டோர்க்கு இந்நிலை நேர்கிறது. மருந்து ஒன்றே, மஜ்ஜையின் நிலைதான் வேறு.

வேறு சில மருந்துகள்

இமாட்டினிப் வழியைப் பின்பற்றி இலக்கு நோக்கிய மருந்துகள் பல வந்துள்ளன. அவை குருத்தணுக்களையும் அவற்றின் வழித்தோன்றல்களையும் தொடும் முறை ஒன்றற்கொன்று வேறுபடும்.

மார்பகப் புற்றுநோய்க்குரிய பால்போசிக்லிப் 2015இல் ஒப்புதல் பெற்றது. அணு பிரிவதற்கு முன் கடக்க வேண்டிய வாயிலை இது அடைக்கிறது. மஜ்ஜையில் வளரும் அணுக்களும் அவ்வாயிலில் நின்றுவிடுகின்றன. இதனை உண்போரில் மூவரில் இருவர்க்கு நியூட்ரோபில்கள் கடுமையாகக் குறைகின்றன. ஆயினும், அதனால் காய்ச்சல் கண்டு இடர்ப்படுவோர் நூற்றுக்கு இருவர்க்கும் குறைவே. அணுக்கள் மடியவில்லை, நின்று இளைப்பாறுகின்றன என்பதே காரணம். மூன்று வாரம் மருந்தும் ஒரு வாரம் ஓய்வும் என வகுத்திருப்பதால், ஓய்வு வாரத்தில் அவை மீள்கின்றன.

இந்தப் பக்க விளைவையே காப்பாக மாற்றிய திறமும் வியக்கத்தக்கது. அதே வகையைச் சேர்ந்த டிரைலாசிக்லிப் 2021இல் ஒப்புதல் பெற்றது. ஒருவகை நுரையீரல் புற்றுநோய்க்குக் கடுமையான பழைய மருந்துகளைச் செலுத்துவதற்கு முன் இதனைச் செலுத்துவர். மஜ்ஜையின் அணுக்கள் சிறிது நேரம் பிரியாது நிற்கும். பிரியும் அணுக்களைத் தேடிவரும் கடு மருந்து அவற்றை விட்டுச் செல்லும்.

மஜ்ஜை நார்த்திசுவாகும் நோய்க்குரிய ரக்சோலிட்டினிப் 2011இல் வந்தது. சிவப்பணுக்களையும் தட்டணுக்களையும் பெருக்குமாறு உடல் விடுக்கும் ஆணை ஜேக்-2 என்னும் கைனேஸ் வழியாகவே செல்கிறது. அதனைத் தடுப்பதால் சோகையும் தட்டணுக் குறைவும் நேர்கின்றன.

கருப்பைச் சூலகப் புற்றுநோய் முதலியவற்றுக்குரிய ஓலபாரிப் 2014இல் வந்தது. இது மரபுப்பொருளில் நேரும் சேதம் செப்பனிடப்படாதவாறு தடுப்பது. இதனை உண்போருள் மிகச் சிலர்க்கு, பின்னாளில் மஜ்ஜை நோயோ புதிய குருதிப் புற்றுநோயோ தோன்றியதுண்டு. அவர்களுள் பலர் முன்னரே மரபுப்பொருளைச் சேதப்படுத்தும் கடு மருந்துகளைப் பெற்றவர்கள். இங்குத் தீங்கு எண்ணிக்கைக் குறைவோடு நில்லாமல் குருத்தணுவின் தன்மையையே மாற்றிவிடுகிறது. ஆகவே, 'பக்க விளைவு' என ஒரே சொல்லால் வழங்கினும், உறங்குதல், மடிதல், ஆணை கிடைக்காமல் வாடுதல், தன்மை திரிதல் என அதனுள் பல நிலைகள் உள்ளன.

உறங்கும் பகை

மருந்தை நிறுத்தினால் என்ன என்று கேட்போர்க்கு விடை குருத்தணுவின் உறக்கத்திலேயே இருக்கிறது. நல்ல குருத்தணு உறங்குவது போலவே நோய்க்குரிய குருத்தணுவும் உறங்குகிறது. இமாட்டினிப் விழித்துப் பெருகும் நோயணுக்களை ஒழிக்கிறது. உறங்கும் நோய்க் குருத்தணுக்களை முற்றாக ஒழிப்பதில்லை. மருந்து நின்றதும் அவற்றுள் சில விழித்தெழலாம்.

பிரான்சு நாட்டில் நடந்து 2010இல் வெளியான ஆய்வு ஒன்று இதனை அளந்து காட்டியது. நுண்ணிய ஆய்விலும் நோயின் தடயம் காணப்படாத நிலையை ஈராண்டுகளேனும் தொடர்ந்து பெற்றிருந்த 100 பேர் மருத்துவர் கண்காணிப்பில் மருந்தை நிறுத்தினர். அவர்களுள்ளும் பாதிக்கு மேற்பட்டோர்க்கு நோயின் தடயம் திரும்பியது. பெரும்பாலும் முதல் ஆறு மாதத்திற்குள்ளேயே திரும்பியது. தவறாது ஆய்வு செய்து வந்தமையால் உடன் கண்டு மருந்தைத் தொடங்கினர். நோய் மீண்டும் கட்டுப்பட்டது. ஈராண்டு தடயமின்றி இருந்தோர் நிலையே இதுவாயின், சிகிச்சை தொடங்கிய சில மாதங்களில் தாமே நிறுத்துவோர் நிலை என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

எண்களைக் காணும் முறை

எண் குறைந்தால் மருத்துவர் செய்வது என்ன? அதற்கு வகுத்த நெறி உண்டு. இமாட்டினிப் தொடங்கிய முதல் மாதம் வாரந்தோறும், இரண்டாம் மாதம் இரு வாரத்திற்கு ஒருமுறை, அதன்பின் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை எனக் குருதி ஆய்வு செய்வர். நாட்பட்ட நிலையில் வழக்கமான அளவு நாள் ஒன்றுக்கு 400 மில்லிகிராம். ஒரு மைக்ரோலிட்டரில் நியூட்ரோபில் 1,000க்கோ, தட்டணு 50,000க்கோ கீழே சென்றால் மருந்தைச் சிறிது காலம் நிறுத்தி வைப்பர். நியூட்ரோபில் 1,500ஐயும் தட்டணு 75,000ஐயும் எட்டியதும் மீண்டும் தொடங்குவர். மறுபடியும் குறைந்தால், நிறுத்தி, பின் 300 மில்லிகிராமாகத் தொடங்குவர். ஆக, நிறுத்துதல் என்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. ஆனால் எப்போது நிறுத்துவது, எப்போது தொடங்குவது என்பதை அச்சம் முடிவு செய்தல் ஆகாது; எண்ணைக் கண்டு மருத்துவர் முடிவு செய்ய வேண்டும்.

வீட்டார் கண்காணிக்க வேண்டியனவும் உள்ளன. காய்ச்சல் 100.4 பாரன்ஹீட் அளவை எட்டினால் மறுநாள் வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஈறுகளில் குருதி கசிதல், தோலில் செம்புள்ளிகள் தோன்றுதல், மலம் கருத்துப் போதல் ஆகியன தட்டணுக் குறைவின் அறிகுறியாகலாம். படியேறும்போது மூச்சு வாங்குதலும் முகம் வெளுத்தலும் சோகையைக் காட்டலாம். தலைவலிக்கென்று கடையில் ஆஸ்பிரின் வாங்கி உண்பது தட்டணு குறைந்தவர்க்குத் தீங்காகும். பப்பாளி இலைச்சாறு, கசாயம் முதலியவற்றை உண்பவர் அதனை மருத்துவரிடம் மறைத்தல் கூடாது. இமாட்டினிப் கல்லீரலில் சிதைவது. வேறு பொருள்கள் அச்சிதைவைத் தடுத்து மருந்தின் அளவைக் குருதியில் ஏற்றிவிடவோ, விரைவுபடுத்தி இறக்கிவிடவோ கூடும்.

நிறைவுரை

தட்டணுக்கள் மிகக் குறைந்து குருதி கசியும் நிலை வந்தால் பிறர் தந்த தட்டணுக்களே உயிர் காக்கும். செங்குருதியைப் போல அவற்றை வாரக்கணக்கில் வைத்திருக்க இயலாது. ஏறத்தாழ ஐந்து நாளே தாங்கும். ஆகவே, என்றோ ஒருநாள் நடக்கும் குருதிக்கொடை முகாம் போதாது. ஆண்டு முழுவதும் கொடையாளர் வந்துகொண்டே இருக்க வேண்டும். 18 வயது நிறைந்த நலமான மாணவர்கள் இதனைத் தம் கடமையாக ஏற்கலாம். ஆசிரியர்களும் ஊர்ப் பெரியோர்களும், மாத்திரையைக் கண்டு மிரள்வோரிடம் பழி பேசாது, "அடுத்த குருதி ஆய்வு என்றைக்கு?" என்று கேட்பதே பேருதவியாகும்.

நம் மாமா மாத்திரையை நிறுத்திய நான்காம் மாதத்தில் மண்ணீரல் மீண்டும் கனத்தது. வெள்ளணுக்கள் மறுபடியும் இலட்சத்தைத் தாண்டின. வீட்டார் வற்புறுத்தி அழைத்துச் சென்றனர். மருத்துவர் சினக்கவில்லை. "ஐயா, அன்றைக்கு நீங்கள் வந்து சொல்லியிருந்தால் நானே இரண்டு வாரம் நிறுத்தியிருப்பேன்" என்றார். அந்தச் சொல் மாமாவைத் தைத்தது. மருந்து மீண்டும் தொடங்கிற்று. எண்கள் மீண்டும் இறங்கின. இம்முறை மருத்துவர் நிறுத்தினார், மருத்துவரே தொடங்கினார். நல்லூழாக நோய் கட்டுக்குள் வந்தது. எல்லார்க்கும் அவ்வாறு வாய்ப்பதில்லை என்பதனையும் சொல்லியாக வேண்டும்.

இன்று அவர் பழைய பள்ளிக் குறிப்பேடு ஒன்றில் கோடு கிழித்து, நாள், வெள்ளணு, நியூட்ரோபில், தட்டணு, ஈமோகுளோபின் எனக் கட்டமிட்டு, ஒவ்வோர் ஆய்வின் எண்ணையும் தம் கையால் எழுதி வருகிறார். ஒருகாலத்தில் மாணவர்க்கு மதிப்பெண் இட்ட அதே கையெழுத்து. எண் குறைந்த நாளில் அதன் எதிரே அவர் எழுதும் சொற்கள் இரண்டே: "மருத்துவரிடம் சொன்னேன்."